கடல் கொடுத்த கல்

பழைய வீட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நம் ஜனங்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "ஆஹா! அந்தக் காலத்துக் கட்டடம்! இனிமேல் யாரால் இப்படிக் கட்ட முடியும்?" என்று பெருமூச்சு விடுவது ஒரு கட்சி. "இடித்துத் தள்ளிவிட்டு நாலு கடை கட்டினால் மாத வாடகையாவது வரும்" என்பது மற்றொரு கட்சி. முதற்கட்சியார் பெருமூச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டாவது கட்சியார் கடப்பாரையைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். ஆகையால் ஜயம் எப்போதும் யாருக்கு என்பது நேயர்களுக்குத் தெரிந்த விஷயமே.

என் சிநேகிதர் ஒருவர் இந்த இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவர். ஆனால் அவர் வாடகைக்காக வாதாடுகிறவர் அல்ல, தேசாபிமானத்துக்காக வாதாடுகிறவர். "எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீட்டைப் போற்றிப் பாதுகாக்கிறோம். ஒட்டப்பிடாரத்தில் சிதம்பரம் பிள்ளையின் வீட்டை நினைவு இல்லமாக்கியிருக்கிறோம். நியாயந்தான். ஆனால் நம்மை அடக்கி ஆண்டவன் கால் நீட்டிப் படுத்திருந்த பங்களாவை நாம் ஏன் காணும் காப்பாற்ற வேண்டும்?" என்று ஒரு நாள் என்னை மடக்கினார்.

அன்றைக்கு எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. பிற்பாடு கீழவைப்பார்க் கடற்கரையில் நின்றபோது அந்தப் பதில் கிடைத்தது. அதைத்தான் இந்த வாரம் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

தூத்துக்குடிக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கீழவைப்பார். மேற்கு மலைத் தொடரில் பிறந்து, சாத்தூர் வழியாகக் கரிசல் காட்டைக் கடந்து வரும் வைப்பாறு, வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே காட்சியளித்துவிட்டு, மழைக்காலத்தில் மட்டும் தான் ஒரு நதி என்பதை நினைவுபடுத்திக்கொண்டு இங்கே கடலில் கலக்கிறது. ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். மறுபக்கம் மன்னார் வளைகுடா. மீன் பிடிப்பதும், மூச்சடக்கி மூழ்கிச் சங்கு எடுப்பதும் இவ்வூர் மக்களின் தொழில். முன் காலத்தில் முத்தும் உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் முத்துப் படுகைகளை இக்கரையார் 'பார்' என்பார்கள். அந்தப் பார்களில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் வருஷத்தில். அதற்கப்புறம் சிப்பி பெருகவில்லை, குளிப்பும் நடக்கவில்லை.

ஆனால் முத்தின் ஆசைதான் இக்கரைக்கு அன்னியர்களை ஒருவர் பின் ஒருவராக இழுத்து வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658-இல் டச்சுக்காரர் அவர்களை விரட்டிவிட்டுத் தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்டார்கள். இடையில் ஆங்கிலேயர் பிடிப்பதும் திருப்பிக் கொடுப்பதுமாகச் சில காலம் கழிந்தது. முடிவில் 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமே ஆயிற்று. நம் முத்துக்கும் சங்குக்கும் இவர்கள் தங்களுக்குள் பாகப் பிரிவினை செய்துகொண்டார்களே தவிர, முத்தெடுக்க மூழ்கியவனை ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. டச்சுக் கம்பெனியின் நீண்ட பெயரைச் சுருக்கினால் வி, ஓ, சி என்று மூன்று எழுத்து வரும். தங்கள் நாணயங்களிலும் பீரங்கிகளிலும் அந்த மூன்று எழுத்தையே அவர்கள் பொறித்தார்கள். தூத்துக்குடியில் 1750-இல் அவர்கள் கட்டிய மாதா கோயில் இன்றும் நிற்கிறது. அந்தக் கம்பெனிதான் போய்விட்டது. பிறகு அதே ஊரில், 1906-ஆம் வருஷத்தில், சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்த வீரரின் பெயரை ஆங்கிலத்தில் சுருக்கினாலும் அதே மூன்று எழுத்துத்தான்! இன்று தூத்துக்குடித் துறைமுகம் எந்த வி. ஓ. சி.யின் பெயரைத் தாங்கியிருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சரித்திரத்துக்கும் சில சமயம் நகைச்சுவை உணர்ச்சி உண்டு.

இப்படி மாறி மாறி வந்தவர்களின் காலத்தில் இக்கரையோரத்தில் ஒரு வகை வீடு உருவாயிற்று. கனத்த சுவர்கள், உயர்ந்த கூரை, முன்புறம் உருண்டைத் தூண்கள் வைத்த தாழ்வாரம், சாய்வுச் சட்டம் வைத்த நெடிய கதவுகள், கூரையை ஒட்டிச் சூடான காற்று வெளியேறச் சிறு துவாரங்கள். இதைத்தான் நாம் 'வெள்ளைக்காரன் வீடு' என்கிறோம்.

அந்த வீட்டில் ஒரு தடவை வார்த்தைகளை மட்டும் கவனித்துக்கொண்டு நடந்து பாருங்கள். சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கிறோம், சன்னலைத் திறந்து வைக்கிறோம், மேஜையருகே உட்காருகிறோம், அலமாரியில் புஸ்தகத்தை வைக்கிறோம். இந்த நான்கு வார்த்தைகளும் போர்த்துக்கீசியக் கப்பலில் வந்து இறங்கியவை. சமையலறையைக் குசினி என்று சொல்லும் வழக்கமும் அப்படியே. 'வராந்தா' என்பது அவர்கள் நமக்குக் கொடுத்ததா, நாம் அவர்களுக்குக் கொடுத்ததா என்று பண்டிதர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். கொல்லைப்புறத்தில் ஒதுக்குப்புறமாக இருக்கும் ஓர் அறையின் பெயர் மட்டும் டச்சுக்காரர் விட்டுப்போன ஆஸ்தி. அதை இந்தப் பத்திரிகையில் எழுதுவது மரியாதையல்ல. வீட்டைக் கட்டுகிறவரை மேஸ்திரி என்கிறோமே, அந்தச் சொல்லும் போர்த்துக்கீசியச் சொல்தான்.

"பார்த்தீரா! வார்த்தைகூட அவனுடையது!" என்று என் சிநேகிதர் கைகொட்டுவார். பொறுமை வேண்டும். வார்த்தைகளை விட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்போம்.

இக்கரையிலுள்ள பழைய கட்டடங்கள் பலவற்றில், காரை உதிர்ந்த இடத்தில் உற்றுப் பார்த்தால், உள்ளே இருப்பது செங்கல் அல்ல, கருங்கல்லும் அல்ல என்பது தெரியும். தேன்கூட்டைப் போலவும், சில இடங்களில் பூவின் இதழ்களைப் போலவும் கோலம் போட்ட வெளிறிய கல். தொட்டால் சொரசொரவென்றிருக்கும். அது கடலுக்குள் வளர்ந்த பவளப் பாறை. மலையும் பாறையும் அருகில் இல்லாத மணற்கரையில், நம் கொத்தர்கள் கடலிலிருந்தே கல்லை எடுத்தார்கள். இரும்பைப் போல் கனக்காமல், வேண்டிய அளவுக்குச் சீவிக்கொள்ளவும் இடம் கொடுக்கும் கல் அது.

கல்லை ஒட்டவைக்கும் சுண்ணாம்பும் கடல் கொடுத்ததே. பவளக் கல்லையும் சிப்பியையும் காளவாயில் அடுக்கிச் சுடுவார்கள். சூட்டில் கல்லுக்குள்ளிருந்த கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சியதைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறாகும். அந்த நீற்றை மணலுடன் சேர்த்து, மாடு கட்டி வட்டமாக அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும், பனங்காட்டுச் சீமையாதலால் கருப்பட்டியும் சாந்தில் சேரும். சுவரில் பூசிய பிறகு அந்தச் சாந்து என்ன செய்கிறது? சுட்டபோது இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து சிறுகச் சிறுகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கடலில் கல்லாயிருந்தது, தீயில் நீறாகி, சுவரில் திரும்பவும் கல்லாகிறது! இந்த மறுபிறப்பு ஒரே நாளில் முடிவதில்லை. மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் நடக்கிறது. ஆகவே பழைய சுவர் வயதாக வயதாக உறுதிப்படுகிறது. மனிதர்களிடத்தில் இதை நாம் காண்பது அபூர்வம்.

கூரையும் அப்படியே. உத்தரங்களின் மேல் குறுக்குச் சட்டங்களைப் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வரிசையாகக் குத்துக்கல்லாக நிறுத்திச் சாந்திட்டு, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடுக்காய்த் தண்ணீரைத் தெளிப்பதும், அடிப்பதும், மறுபடி தெளிப்பதும், மறுபடி அடிப்பதும்! கடைசியில் தட்டோடு பதித்து முடித்தால், சித்திரை வெயில் மேலே தாண்டவமாடினாலும் கீழே கூடம் குளிர்ந்திருக்கும். உள்ளே நாற்காலியில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தவர் துரையாக இருக்கலாம். அந்தக் குளிர்ச்சியை உண்டாக்கியவர்கள் கூலிக்குக் கட்டை பிடித்த நம் பெண்களும், கரண்டி பிடித்த நம் கொத்தர்களுமே.

அப்பக்கத்தில் அனுபவம் வாய்ந்த வயோதிகக் கொத்தனார் ஒருவரிடம், சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"அண்ணாச்சி! சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும்; சிமெண்டு அதன் மூக்கைப் பொத்திவிடும். அவ்வளவுதான்" என்றார்.

விஞ்ஞானிகள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கடற்கரைச் சுவரில் எப்போதும் ஈரமும் உப்பும் ஏறிக்கொண்டேயிருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு வெளிப்புறத்தில் பூத்து உதிர்ந்துபோகும். சிமெண்டை அழுத்திப் பூசிவிட்டாலோ, ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். உப்பு உள்ளுக்குள்ளேயே படிகமாகி, கல்லைப் பிளக்கும். நாலைந்து மழைக்காலம் சென்றதும் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அதனுடன் பழைய கல்லும் பொடியாகி வரும். வீட்டுக்காரர், "பழைய சுவர் உளுத்துப்போயிற்று" என்று தீர்மானித்துக் கடப்பாரைக்காரனுக்குச் சொல்லி அனுப்புவார். உளுக்க வைத்தது தாம் செய்த பழுதுபார்ப்பே என்பது அவருக்குத் தெரியாது. இந்தக் கதை நம் கடற்கரை நெடுகிலும் வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருக்கிறது.

இதே சுண்ணாம்பும் இதே உப்புக்காற்றும் சேர்ந்து விளையாடிய வீடு ஒன்று வடக்கே தரங்கம்பாடியில் இருக்கிறது. அங்கே 1620 முதல் டேனிஷ்காரர் குடியேறியிருந்தார்கள். 1784-இல் டேவிட் பிரௌன் என்ற கவர்னர் கோட்டைக்கு எதிரே தமக்காக ஒரு மாளிகை கட்டிக்கொண்டார். பிறகு டேனிஷ் அரசாங்கமே அதை வாங்கிக் கவர்னர்களின் வாசஸ்தலமாக்கிற்று. 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அவர்கள் கப்பலேறினார்கள். கவர்னர் மாளிகை அப்புறம் என்னவாயிற்று தெரியுமா? உப்புக் கிடங்காயிற்று! காற்றிலிருந்து வரும் உப்பு போதாதென்று, வீட்டுக்குள்ளேயே உப்பு மூட்டையைக் கொண்டுவந்து அடுக்கினால் சுவர் என்ன கதியாகும்? அப்படியிருந்தும் அது விழவில்லை. இந்த நூற்றாண்டில் தமிழ்நாட்டுச் சுற்றுலாத் துறையும் டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகமும் சேர்ந்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த நம்மூர்க் கைகளைக் கொண்டே அதைப் புதுப்பித்தார்கள். ஆக, பழுதுபார்க்க முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. மனம் இருந்தால், சுண்ணாம்பும் இருக்கிறது, கொத்தனாரும் இருக்கிறார்.

இனி, கீழவைப்பாரில் எனக்குக் கிடைத்த பதிலுக்கு வருகிறேன்.

தூத்துக்குடி முதல் பாம்பன் வரையில் கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் என்று நம் புஸ்தகங்கள் சொல்லும். தூத்துக்குடிப் பக்கத்தில் நான்கு: வான் தீவு, காசுவாரி, விலங்குசல்லி, காரியசல்லி. சல்லி என்றால் உடைந்த சிறு கல். பவளப் பாறைகள் வளர்ந்து, உடைந்து, குவிந்து உண்டான திட்டுகளுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! ஆனால் இன்று கடலில் போய் எண்ணினால் 21 தீவுகள் தேறா. விலங்குசல்லி நீருக்குள் மறைந்துவிட்டது. கீழக்கரைப் பக்கத்தில் பூவரசன்பட்டி என்ற தீவும் அவ்வாறே மூழ்கிற்று. காரியசல்லித் தீவு 1969-இல் சுமார் 21 ஹெக்டேர் இருந்தது. 2018-இல் 6 ஹெக்டேர்கூட இல்லை.

காரணம், நாம் அவற்றைச் சுற்றியிருந்த பாறைகளைப் பெயர்த்துக்கொண்டு வந்ததுதான். வீட்டுக்குக் கல், சாலைக்குச் சல்லி, காளவாய்க்குச் சுண்ணாம்பு, ஆலைக்குக் கச்சாப்பொருள் என்று தோணி தோணியாக வாரினோம். அலையை முதலில் தாங்கும் அரண் அந்தப் பாறைதான். அரண் போனதும் அலை நேரே தீவின்மேல் மோதிற்று, மணல் கரைந்தது, தீவு அமிழ்ந்தது.

இங்கேதான் என் தேசாபிமானத்துக்கு ஓர் அடி விழுந்தது. "எல்லாம் அந்த டச்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் செய்த கொள்ளை" என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. முத்தைக் கொள்ளையடித்தது உண்மை. ஆனால் தீவை மூழ்கடித்த பழியை அவர்கள் தலையில் மட்டும் சுமத்த முடியாது. இந்தப் பாறைகளை மிகுதியாக வாரியது சுயராஜ்யம் வந்த பிற்பாடு, முக்கியமாக 1960-க்குப் பின் வந்த வருஷங்களில், நம்முடைய தோணிகளில், நம்முடைய ஆலைகளுக்காக. 1986-இல் இத்தீவுகளைக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக்கினார்கள். 2001-இல் பவளங்களைச் சட்டம் தன் கடுமையான பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. 2004-இல் ஆழிப்பேரலை வந்தபோதுதான் கடலுக்குள் இருக்கும் மதிலின் அருமை கரையிலிருந்தவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. அதன் பிறகே கல் எடுப்பது நின்றது. வான் தீவைச் சுற்றி இப்போது செயற்கைப் பாறைகளைச் செய்து கடலில் இறக்கியிருக்கிறார்கள். பிடுங்கியதை ஈடுசெய்ய, பணம் கொட்டிக் கல் போட வேண்டிய நிலைமை!

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். உருண்டையாக வளரும் பவளப் பாறை வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளருகிறது. ஓர் அடி உயரமுள்ள கல் உண்டாக 30 வருஷம் ஆகும். இரண்டு அடி கனமுள்ள சுவரின் குறுக்களவுக்கு 60 வருஷம்! ஒரு மனிதன் பிறந்து, படித்து, கல்யாணம் செய்து, உத்தியோகம் பார்த்து, உபகாரச் சம்பளம் வாங்க ஆரம்பிக்கும் வரையில் கடல் உட்கார்ந்து நெய்தது அந்தச் சுவரின் கனம். அதைக் கடப்பாரைக்காரன் ஒரு பகற்பொழுதில் இடித்துப் பள்ளத்தில் கொட்டிவிடுகிறான். இனி அந்தக் கல்லைக் கடலிலிருந்து எடுக்க முடியாது; எடுக்கவும் கூடாது. ஆகவே இக்கரையில் இன்று நிற்கிற பழைய சுவர் ஒவ்வொன்றும் மூழ்கிப்போன கடற்பாறையில் கரையேறித் தப்பிப் பிழைத்த பாகம்.

இதையெல்லாம் என் சிநேகிதரிடம் சொன்னேன். சற்று நேரம் மௌனமாயிருந்தார். "அதெல்லாம் சரிதான். ஆனால் வீடு அவனுடையதுதானே?" என்றார், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"எப்படி ஐயா அவனுடையதாகும்? கல் நம் கடலுடையது. சுண்ணாம்பு நம் சிப்பியுடையது. கருப்பட்டி நம் பனையுடையது. உழைப்பு நம் கொத்தருடையது. அவன் அதில் குடியிருந்தான், அவ்வளவுதான். குடியிருந்தவன் வாடகையும் கொடுக்காமல் காலி செய்துகொண்டு போய்விட்டான் என்பதற்காக, சொந்தக்காரன் வீட்டை இடித்துக்கொள்வானா?" என்றேன்.

சிநேகிதர் சிரித்துவிட்டார். வாதத்தில் தோற்றவர் சிரித்துவிட்டால் பாதி வெற்றி நமக்கு. மீதிப் பாதி நேயர்களிடம் இருக்கிறது.

கடற்கரை ஊர்களில் பாட்டனார் காலத்து வீடு உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூச்சு உதிர்ந்தால் சிமெண்டு மூட்டைக்கு ஓடாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஊரில் யார் இருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். சுண்ணாம்புக்காகக் கடல் கல்லைத் தேடவும் வேண்டாம். உள்நாட்டுச் சுண்ணாம்புக் கல்லும், கரையில் ஒதுங்கும் சிப்பியும் அந்த வேலைக்குப் போதும். சுவரின் ஒரு பாகம் விழுந்துவிட்டால், விழுந்த கல்லைக் குப்பையில் கொட்டாமல் அதே சுவரிலேயே திரும்ப வைத்துக் கட்டச் சொல்லுங்கள். கொத்தனாரின் பக்கத்தில் ஒரு வாலிபனையும் நிறுத்தி வேலை கற்கச் செய்யுங்கள். பெரியவர் கரண்டியைக் கீழே வைத்த பிறகு, அந்த வித்தையை எந்தக் கடலில் மூழ்கியும் எடுக்க முடியாது.

கீழவைப்பார்க் கரையிலிருந்து புறப்படும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சங்கு குளிக்கப் போன தோணிகள் திரும்பி வந்துவிட்டன. விலங்குசல்லி இருந்த திசையில் பார்த்தேன். தண்ணீர்தான் தெரிந்தது.